பின்வாசல் கொடி

எனக்கு வாணவேடிக்கை பிடிக்காது. ஆட்டம் முடிந்ததும் திரை முழுக்கப் பட்டாசு வெடித்து, எக்காளம் ஊதி, 'வெற்றி' என்று தங்க எழுத்தில் வருகிறதே, அதைப் பார்த்தாலே குமட்டும். இருபது வருடமாக என் பிழைப்பு அதில்தான் ஓடுகிறது. பழைய காலத்துப் போர்களை வைத்துச் செய்கிற கணினி விளையாட்டுகளில், யார் எப்போது ஜெயித்ததாகக் கணக்கு, ஜெயித்த பிறகு என்ன காட்டுவது என்று முடிவு செய்கிறவன் நான். மற்றவர்கள் குதிரை வரைவார்கள், கோட்டை கட்டுவார்கள். முடிவு மட்டும் என் மேசைக்கு வரும்.

கடைசியாகச் செய்தது ஒரு முற்றுகை விளையாட்டு. கோட்டையைச் சுற்றி வளைத்து, உள்ளே தண்ணீர் போகாமல் அடைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஓர் அம்புகூட விட வேண்டாம். உள்ளே இருக்கிறவன் பெரிய வாசலில் வெள்ளைக் கொடி ஏற்றினால் ஆட்டம் முடிந்தது. பட்டாசு கிடையாது. எனக்கு அதில் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

குறை கண்டுபிடிப்பதற்கென்றே ஒரு பெண் எங்களிடம் இருக்கிறாள். எதையும் மோப்பம் பிடித்துவிடுவாள் என்பதால் மூக்கு என்று கூப்பிடுவோம். ஒரு திங்கட்கிழமை என் மேசைக்கு வந்து நின்றாள்.

"சார், பெரிய வாசல் இடிஞ்சு போச்சுன்னா உள்ள இருக்கறவங்க பின்வாசல்ல கொடி ஏத்தறாங்க. ஆட்டம் அதைக் கண்டுக்கவே மாட்டேங்குது. எல்லாரும் செத்து விழற வரைக்கும் ஓடிட்டே இருக்கு. பாக்கவே சகிக்கல."

"விதி பெரிய வாசல்தானேம்மா."

"அதான் தோத்துட்டோம்னு சொல்லிட்டாங்களே சார்."

பார்க்கலாம் என்று அனுப்பிவைத்தேன்.

அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். என்னைவிட ஆறு வயது மூத்தவர். இடுப்பு எலும்பு ஒடிந்து, பார்த்துக்கொள்ள அண்ணியும் இல்லாமல், நான்கு மாதமாக என் வீட்டுப் பின்னறையில் கிடந்தார். படுக்கை மாற்றினேன், முதுகு துடைத்தேன், அதில் ஒரு குறை சொல்ல முடியாது. பல்லிடுக்கில் மாட்டியதைச் சப்புக்கொட்டி எடுப்பார். எச்சில் விரலோடு தண்ணீர்க் குவளையைத் தொடுவார். எல்லாம் சகித்தேன். ஆனால் சின்ன வயதிலிருந்தே அவர் ஒரு ஆட்டத்திலும் தோற்றதில்லை. காய்கள் வெட்டுப்பட ஆரம்பித்தால் முழங்காலால் பலகையைக் கவிழ்த்துவிட்டு, "ஆட்டமே செல்லாது" என்பார். அப்பா சிரிப்பார். நான் அழுதுகொண்டே காய் பொறுக்குவேன்.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம், பொழுது போகட்டுமே என்று முற்றுகை விளையாட்டை அவர் மடியில் வைத்தேன். அவர் கோட்டைக்குள்ளே, நான் வெளியே. உள்ளே தண்ணீர் தீர்ந்தது. கொடி ஏற்ற வேண்டியதுதான் பாக்கி. மடிக்கணினியைப் பட்டென்று மூடினார். "ஆட்டமே செல்லாதுடா, பொம்மைக்காரா," என்று சப்புக்கொட்டினார்.

எனக்குக் கோபம் வரவில்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள். அருவருப்புதான் வந்தது. ஐம்பது வருடத்து அருவருப்பு. அவருடைய போனையும் தண்ணீர்க் குவளையையும் எடுத்துக்கொண்டு, ஜன்னலைச் சாத்திவிட்டு, கதவை வெளியே பூட்டினேன். "தோத்துட்டேன்னு வாயால சொல்லுங்கண்ணா, தொறக்கறேன்," என்றேன். ஒரே ஒரு சொல். இதைவிட இரக்கமான விதியை நான் எந்த விளையாட்டிலும் வைத்ததில்லை.

முதல் நாள் வண்டி வண்டியாகத் திட்டினார். இரண்டாம் நாள், "தம்பி, தண்ணிடா," என்றார். பிறகு, "மன்னிச்சுடுடா," என்றார். மன்னிப்பு வேறு, தோல்வி வேறு. நான் மன்னிப்பா கேட்டேன்? வேலைக்குப் போய் வந்து, கதவோரம் நாற்காலி போட்டு, காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான்காம் நாள் கதவில் நகம் கீறுகிற சத்தம் மட்டும் வந்தது. ஒடிந்த இடுப்போடு கட்டிலிலிருந்து அவ்வளவு தூரம் வந்தவருக்கு ஒரு சொல் சொல்ல வாய் வரவில்லையே, என்ன திமிர் என்று நினைத்தேன். நாக்கு வறண்டால் குரல் எழும்பாது என்பது, நீங்கள் நம்பினாலும் சரி நம்பாவிட்டாலும் சரி, எனக்குத் தோன்றவே இல்லை.

கதவுக்கடியில் ஒரு மருந்துச் சீட்டு வந்தது. பின்பக்கம் கோணல்மாணலாக எழுத்து. நீங்கள் உறையில் போட்டு வைத்திருக்கிறீர்களே, அதேதான். படிக்கவில்லை என்று நேற்றுச் சொன்னேன். படித்தேன். 'தோத்துட்டேன்டா' என்று இருந்தது. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். வாயால் சொல்வதுதானே விதி.

ஐந்தாம் நாள் காலை கீறலும் நின்றது. ஏழாம் நாள் நாற்றம் தாங்காமல் நானேதான் உங்களுக்குப் போன் செய்தேன்.

என்னைக் கல்நெஞ்சக்காரன் என்று எழுதுவதற்கு முன்னால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் நாள் அலுவலகம் போனதும் முதல் வேலையாக மூக்கைக் கூப்பிட்டு, "நீ சொன்னது சரிதாம்மா," என்றேன். எந்த வாசலில் ஏற்றினாலும் கொடி கொடிதான் என்று விதியை மாற்றினேன். பாவம், உள்ளே இருக்கிறவர்கள் அநியாயமாகச் சாகக் கூடாது பாருங்கள்.