நெளிந்த பந்து

பீல், சுவிஸ்,
ஞாயிறு பின்னேரம்

அன்புள்ள மிதுஷாவுக்கு,

நீ அன்று மறந்துவிட்டுப் போன குடை என்னிடம் பத்திரமாக இருக்கிறது. நான் எதையும் எறிகிறவன் அல்ல என்பது உனக்குத் தெரியும்.

நீ கேட்டதை எழுதித் தருகிறேன். நம் விளையாட்டுச் சங்கச் செயலாளர் அருட்செல்வன் தொலைபேசியில் சொன்னதும் நியாயம்தான். "பந்தை ஆரும் பிளக்கலாம் அண்ணை. மகேந்திரன் அண்ணையின்ரை மகளே கொண்டுவந்து காட்டினா சனம் நம்புமோ? நீங்கள் எழுதிக் கையெழுத்து வைச்சுத் தாங்கோ, வாற கூட்டத்திலை வாசிப்பம்." ஆகவே வாசிப்பதற்கு ஏற்றபடி ஒன்றன்பின் ஒன்றாக எழுதுகிறேன். யாழ்ப்பாணம் நெல்லியடியில் எங்களுக்குக் கடிதம் எழுதப் பழக்கிய வாத்தியார், வாசிக்கிறவன் நடுவில் எழும்பித் தண்ணீர் குடிக்கப் போனால் அது கடிதமில்லை என்பார்.

நீ ஒரு கேள்விதான் கேட்டாய். "ஏன் மாமா?" அதற்குப் பதில் சொல்ல முதல், பந்து ஏன் கண்ணாடிப் பெட்டிக்குள் போனது என்று சொல்லவேண்டும்.

நான் வேலை செய்வது துன் நகரில், ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றில். காலையில் சாப்பாட்டு மேசைகள், அது முடிய டென்னிஸ் திடல் கூட்டுவது, பிறகு சில்லறை வேலைகள். நாங்கள் இறுதிப் போட்டியில் தோற்ற வருடம், கோடைத் தொடக்கத்தில், ஒரு அமெரிக்கக் கிழவர் வந்து தங்கினார். அவித்த முட்டைக்குக் குறை சொல்லாத ஒரே விருந்தினர் என்பதால் எனக்கு அவரைப் பிடித்துக்கொண்டது. அவர் மேசைக்கு ஒரு சின்னப் பெட்டியோடு வருவார். உள்ளே பஞ்சு வைத்து ஒரு பழைய பேஸ்போல் பந்து. நூறு வருடத்துக்கு முன் அவர்கள் நாட்டில் ஒரு குழுவின் ஆட்கள் சிலர் காசு வாங்கிக்கொண்டு இறுதிப் போட்டிகளை விட்டுக்கொடுத்தார்கள் என்று பெரிய வழக்காகி, ஆயுள் முழுக்க விளையாடக்கூடாது என்று விலக்கிவைத்தார்களாம். அவர்களில் ஒருவனுடைய கையெழுத்து அந்தப் பந்தில் இருந்தது.

"வென்ற குழுவின் பந்தும் இருக்கிறதா?" என்று கேட்டேன்.

"அது எதற்கு?" என்றார் அவர், வெண்ணெய் பூசிக்கொண்டே.

பிறகு விளக்கினார். வென்றவனுடைய பந்து அன்றைக்கே செத்துப்போகும். இந்தப் பந்தைக் கையில் எடுக்கிறவர்கள் எல்லோரும், இவன் உண்மையாகச் செய்தானா என்று கேட்கிறார்கள். பதில் தெரியாதவரைக்கும் பந்துக்கு உயிர் இருக்கிறது. இது அவர் சொன்னது. எனக்குத் தோன்றியது வேறு. பந்தைத் திருப்பிக் கொடுத்த பிறகு என் கையைப் பார்த்தேன். வழக்கத்தை விடச் சுத்தமாகத் தெரிந்தது. அடுத்தவனுடைய அழுக்கைத் தொட்டுப் பார்க்கிற சுகத்துக்காகத்தான் மனிதர்கள் இப்படிப்பட்டதைச் சேர்க்கிறார்கள் என்று நினைக்கிறேன். கிழவர் அதை வரலாறு என்றார். படித்த மனிதர்.

நம்மவர்கள் கிண்ணங்களை என்ன செய்கிறார்கள் என்று நீயே பார்த்திருப்பாய். அந்த வருடம் நம்மை வென்ற பூம்ப்ளிஸ் அணித்தலைவர் வீட்டில் வெற்றிக் கிண்ணம் குளியலறையில் இருக்கிறது. அதற்குள் பல்துலக்கிகள். ஆனால் அவரே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பேர்ணில் இருந்து ரயில் ஏறி என் வீட்டுக்கு வந்தார், தோற்ற பக்கத்தின் பந்தைப் பார்க்க.

இனி அந்தப் பந்து.

சங்கத்தில் என் பொறுப்பு சிறியது: மட்டை, விக்கெட், பந்து. நாங்கள் விளையாடுவது டென்னிஸ் பந்தில், அதன்மேல் மின்கம்பிக்குச் சுற்றும் டேப்பை இறுக்கிச் சுற்றி. அதற்கு ஒரு கைப்பழக்கம் வேண்டும். சூரிச் ஆட்கள்கூட "சண் அண்ணை சுத்தின பந்து இருக்கோ?" என்று கேட்டு வாங்கியிருக்கிறார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை, தகவலுக்காக.

இறுதிப் போட்டியின் கடைசிப் பந்து. பூம்ப்ளிஸ் அணிக்கு இரண்டு ஓட்டம் வேண்டும். அடித்தவன் வானத்துக்கு அடித்தான். கீழே உன் அப்பா நின்றார். மகேந்திரன் அண்ணை, சங்கத்தைத் தொடங்கியவர், அன்றைய அணித்தலைவர். கடிகாரத் தொழிற்சாலையில் தலைமயிரை விட மெல்லிய திருகாணியை இடுக்கியால் பிடித்து வைக்கிற கை. அந்தக் கைக்குள் பந்து விழுந்தது, துள்ளியது, புல்லில் கிடந்தது. அவர்கள் இரண்டு ஓட்டம் ஓடி வென்றுவிட்டார்கள்.

உன் அப்பா தன் உள்ளங்கையைப் பார்த்தபடி சொன்னார்: "பந்து கைக்குள்ளை வந்து நெளிஞ்சது."

எல்லோரும் சிரித்தார்கள். "நெளியுறதுக்கு அதென்ன புழுவே, அண்ணை?" என்று யாரோ கேட்டான். அது இன்றுவரைக்கும் வழக்கில் இருக்கிறது. நம் ஊர்ப் பெடியள் பரீட்சையில் தவறினாலும் "பேப்பர் நெளிஞ்சது" என்கிறார்கள். நீயே பள்ளிக்கூடத்தில் கேட்டிருப்பாய்.

பந்தை எடுக்க ஓடியது நான். கையில் எடுத்ததுமே தெரிந்தது. டேப்புக்குள் பந்து ஒருபக்கம் வாய் பிளந்திருந்தது. மட்டை பட்ட அடியில் வெடித்திருக்கிறது. வெடித்த பந்து காற்றில் நேராக வராது, கையில் விழுந்தால் மீன் மாதிரித் துள்ளும். உன் அப்பா சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை. நம் விதிப்படி பந்து வெடித்தால் அந்த வீச்சு கணக்கில் இல்லை, திரும்பப் போடவேண்டும். நடுவர் பக்கத்தில்தான் நின்றார். நான் கையை உயர்த்தியிருந்தால் போதும்.

பந்தைக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அந்த நிமிடம் எனக்கு அந்த அமெரிக்கக் கிழவரின் நினைவு வந்தது. வேறு எதுவும் வரவில்லை.

அதற்குப் பிறகு நான் சொன்னது ஒரே ஒரு வசனம். கொத்துரொட்டிக் கடையில் வரிசையில் நிற்கும்போது அருட்செல்வன் கேட்டார், "மகேந்திரன் அண்ணை எங்கை?" நான் சொன்னேன், "பூம்ப்ளிஸ் ஆக்களின்ரை காரிலை ஏறிப் போனவர்." அது உண்மை. உன் சின்னம்மாவின் பிள்ளைக்குப் பிறந்தநாள், பேர்ண் பக்கம் போகிற கார் அதுதான். அதையும் அவர் எனக்குச் சொல்லிவிட்டுத்தான் போனார். ஏன் போனார் என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

என் கொத்துரொட்டி தட்டுக்கு வருவதற்குள், வரிசையில் நின்றவர்களின் வாயில் உன் அப்பா காசு வாங்கிவிட்டார்.

வீட்டுக்கு வந்து பந்துக்குப் புதிதாக டேப் சுற்றினேன். ஒரு பொருளைப் பாதுகாக்கிறவன் முதலில் செய்யவேண்டியது அது. பிறகு கண்ணாடிப் பெட்டி வாங்கினேன். என் மனைவி கஜலக்சுமி, "உதுக்கு ஒரு பூவும் வைச்சு விளக்கும் கொளுத்துங்கோவன்" என்றாள். அவளுக்கு எதுவும் தெரியாது. கூட்டத்தில் அவளை யாரும் பார்க்கவேண்டாம்.

மற்றவை தானாக வந்து சேர்ந்தன. உன் அப்பா தன் அணிச்சட்டையை எறியப் போனார். இந்த ஊரில் குப்பைப் பைக்கும் விலை, ஏன் வீணாக்குவான், என்னிடம் தாங்கோ அண்ணை என்றேன். நெஞ்சில் கையெழுத்தும் வைத்துத் தந்தார், நான் ஏதோ அன்பில் கேட்கிறேன் என்று நினைத்து. அன்றைக்கு அவர் உட்கார்ந்திருந்த மடக்கு நாற்காலியும் என்னிடம்தான் இருக்கிறது. சங்கப் பதாகையில் தொடக்கியவரின் படத்தை எடுத்துவிடுவது என்று முடிவானபோது, வெட்டிய துண்டை நான் கேட்டு வாங்கினேன்.

அவரை யாரும் அடிக்கவில்லை, ஏசவில்லை. நம்மவர்கள் அப்படியெல்லாம் செய்யமாட்டார்கள். அழைப்பிதழ் தபாலில் பிந்தும், அவ்வளவுதான். தொழிற்சாலையில் மத்தியானம் அவர் வந்து உட்கார, மற்றத் தமிழாட்கள் சாப்பிட்டு முடித்திருப்பார்கள். கோயிலில் உன் அம்மா யசோதரா அன்னதானத்துக்கு மரக்கறி வெட்டப் போனால் கத்தி மிச்சம் இருக்காது. உங்கள் வீட்டுக்குத் தவறாமல் போய்வந்தது நான் ஒருவன். அதை நீ மறந்திருக்கமாட்டாய்.

அவரும் என் வீட்டுக்கு வருவார். தேநீர் குடிக்கும்போது பெட்டிக்கு நேரே உள்ள இருக்கையில்தான் இருப்பார். அதுதான் வசதியான இடம். சில நேரம் பந்தையே பார்த்துக்கொண்டிருப்பார். எடுத்துப் பார்க்கவா என்று ஒருநாளும் கேட்டதில்லை. மரியாதை தெரிந்தவர்.

போன மாரியில் அப்படி இருந்தபடி கேட்டார்: "சண், எனக்கு இப்ப ஒண்டும் பிடிபடேல்லை. நான் வேணுமெண்டுதான் விட்டனானோ?"

மிதுஷா, இந்த இடத்தில் உனக்கு என்மேல் கோபம் வரலாம். ஆனால் அவர் கேட்டது அவ்வளவு அமைதியாக. அதைக் குழப்ப எனக்கு மனம் வரவில்லை. "மனம் எங்களுக்குத் தெரியாமலும் சில அலுவல் பாக்கும் அண்ணை" என்றேன்.

"காசு வாங்கேல்லையே நான்."

"காசில்லாமலும் விடலாம்தானே."

தலையை ஆட்டினார். அடுத்த கிழமை வந்து, சங்கத்துக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதித் தா என்றார். ஊரில் எல்லாருக்கும் எழுதிக்கொடுக்கிறவன், அவருக்கு எப்படி மாட்டேன் என்பது? நல்லபடியாக எழுதினேன். செய்தேன் என்றும் இல்லாமல், செய்யவில்லை என்றும் இல்லாமல், "என் கைகளால் நேர்ந்த களங்கத்துக்கு" என்று. வருடாந்தக் கூட்டத்தில் எழும்பி நின்று வாசித்தார். மூச்சுவிடுவார் என்று நான் காற்புள்ளி போட்ட இடத்தில் அழுதார். முடிய எல்லோரும் கைதட்டினார்கள். தமிழ் நல்லா இருந்தது என்று இரண்டு பேர் என்னிடம் வந்து சொன்னார்கள்.

அதற்குப் பிறகு அவருக்கு அழைப்பிதழ்கள் வரத் தொடங்கின. செய்யாததற்கு மன்னிப்புக் கேட்டபிறகுதான் ஊர் அவரைச் சேர்த்துக்கொண்டது. ஒரு வகையில் பார்த்தால் அதற்கு வழி செய்ததும் நான்தான்.

போன சனிக்கிழமை நீ வந்தாய். மழை. குடையை மூலையில் வைத்துவிட்டு, கேட்காமலே பெட்டியைத் திறந்து பந்தை எடுத்தாய். இத்தனை வருடத்தில் யாரும் அதைச் செய்ததில்லை. அருங்காட்சியகத்தில் நிற்கிற மாதிரிக் கைகட்டி நின்று பார்ப்பார்கள். நீ உடற்பயிற்சிச் சிகிச்சை படித்த பிள்ளை, நோயாளிகளுக்குப் பந்து கொடுத்து அமுக்கச் சொல்கிறவள். பழக்கத்தில் அமுக்கினாய். உள்ளே டக்கென்றது. திரும்பவும் அமுக்கினாய். பிறகு என் மேசையடியில் உட்கார்ந்து, நகத்தால், அவசரமில்லாமல் உரித்தாய். மேலே கறுப்பு டேப், கீழே அன்றைய நீல டேப், அதற்குக் கீழே பிளவு. நான் ஒரு தட்டுக்கூடக் கொண்டுவந்து வைத்தேன், துண்டுகள் சிந்தாமல் இருக்க.

கூட்டத்தில் வாசிக்கவேண்டிய பகுதி இனிவருவது:

இறுதிப் போட்டியின் கடைசிப் பந்து வெடித்திருந்தது. அதை நான் அன்றைக்கே அறிந்திருந்தேன். நடுவருக்கு மறைத்தேன், டேப் சுற்றி மூடினேன், என் வீட்டில் எல்லோருக்கும் காட்சிக்கு வைத்தேன். மகேந்திரன் பிடியை விடவில்லை, விற்கவுமில்லை. அவர் வாசித்த மன்னிப்பை எழுதியவன் நான், அவர் குற்றமற்றவர் என்று அறிந்தே எழுதினேன். ஒரு பொருளுக்கு உயிர் கொடுக்கும் ஆசையால் இதைச் செய்தேன். வேறு காரணம் இல்லை.

இந்தக் கடிதத்தை நல்ல மையில், தடித்த தாளில் எழுதியிருக்கிறேன். கையெழுத்துக்கு மேலாக மடிக்காதே, வெயில் படவிடாதே. பந்தும், நீ உரித்த டேப்பும், இதுவும் ஒன்றாக இருக்கவேண்டும். பிரித்தால் பெறுமதி போய்விடும். அப்பாவிடம் மட்டும் கொடுத்துவிடாதே. அவருக்கு இப்படியான பொருட்களின் அருமை தெரியாது, குப்பைப் பையில் போட்டுவிடுவார். குடையை நான் வைத்துக்கொள்கிறேன். அது இப்போது இதைச் சேர்ந்தது.

என்னைப் பற்றி ஊர் என்ன சொன்னாலும் தாங்கிக்கொள்வேன். கொடியவன் என்றால் கொடியவன்தான்.

இப்படிக்கு,
சண்முகநாதன்

பி.கு.: புதுப் பந்து எப்படி வெடித்தது என்று அருட்செல்வன் கேட்கக்கூடும் என்பதால் உனக்கு மட்டும் சொல்கிறேன். அந்தப் பந்து புதியது அல்ல. சங்கத்துக்கு நான் சுற்றிய எதுவுமே புதியது அல்ல. ஹோட்டல் திடலில் விருந்தினர் விட்டுவிட்டுப் போகிற பழம் பந்துகள்தான். டேப் சுற்றினால் வெளியில் தெரியாது, எப்போதாவது ஒன்று வெடிக்கும். நடுவர் கையில் எடுத்து உரித்திருந்தால், ஹோட்டலின் முத்திரை அதில் அப்படியே இருந்திருக்கும், சுற்றிவர அவ்வளவு சனம்; இப்போது அது டேப்பின் பசையோடு உரிந்துபோய்விட்டது. இது சின்ன விஷயம், நடந்ததற்குச் சம்பந்தமும் இல்லை. வாசிக்க முதல் இந்தக் கீழ்ப்பகுதியைக் கத்தரித்துவிடு, பிள்ளை. நம்மட சனத்தின் வாய் உனக்குத் தெரியும்தானே. இப்படி ஒன்று கிடைத்தால் ஒரு மனிசனைச் சாகும்வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.