முரட்டுப்புதருக்குப் போட்ட புகை

புகை போடுவதற்கு முன்னால் விதைத்தட்டுகளை நன்றாக நனைத்துவிட வேண்டும், ஐயா. பலரும் அதில்தான் கோட்டை விடுகிறார்கள்.

எங்கள் நாற்றுப்பண்ணையில் முரட்டுப்புதருக்குத்தான் கிராக்கி. கடலோரப் பொட்டல் மணலில் தானாக வளரும் செடி. உப்புக்காற்றுக்கு அசையாது, வெயிலுக்கு வாடாது, வருடத்தில் பாதி நாள் மஞ்சளாகப் பூத்துத் தள்ளும். ஆனால் அதன் விதை லேசில் கண் திறக்காது. பொட்டலில் தீ பரவி, புகை பட்டால்தான் முளைக்கும். அதனால் காற்றுப் புகாத சின்ன அறையில் தட்டுகளை அடுக்கி, வெளியே பீப்பாயில் சருகைக் கொளுத்தி, குழாய் வழியாகப் புகையை உள்ளே விடுவோம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாமனாரிடம் கற்று இதைச் செய்துவந்தவள் நான்.

பிறகு கொழுந்தனுக்குக் கல்யாணமாகி ஓரகத்தி வந்தாள். கெட்டவள் என்று சொல்ல மாட்டேன். வாய்க்கு வாய் அக்கா, அக்கா என்பாள். விளையாட்டுப்போல அவள் தூவிய விதை தட்டு நிறைய முளைத்தது. என் தட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாக எட்டிப் பார்த்தது. செடி வாங்க வருகிறவர்களிடமெல்லாம் மாமனார், "எல்லாம் எங்க சின்னவளோட கைராசி" என்பார். என்னிடம், "நீ போய் சமையலப் பாரும்மா" என்றார். எனக்கு வயிறு எரிந்தது என்று நினைப்பீர்கள். பொறாமையெல்லாம் என் ரத்தத்திலேயே கிடையாது, ஐயா. பாடுபட்டது ஒருத்தி, பேர் வாங்குவது இன்னொருத்தியா என்ற நியாயமான வருத்தம்தான்.

அன்று காலை அவள் உள்ளே அடுக்கிக்கொண்டிருந்தாள். "அக்கா, இன்னும் ரெண்டு தட்டு குடுங்க, முடிஞ்சிடும்" என்றாள். கொடுத்தேன். கதவைச் சாத்திக் கொண்டியைப் போட்டேன். பீப்பாயைப் பற்றவைத்தேன்.

"அக்கா, நான் உள்ளதான் இருக்கேன்" என்றாள். முதலில் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அப்புறம் கதவை இடித்தாள். சத்தம் நின்ற பிறகும் நான் சருகு போட்டுக்கொண்டிருந்தேன். பாதியில் விட்டால் விதைக்குப் புகை போதாது.

கொண்டி தானாக விழுந்திருக்கும், அவள் உள்ளே இருந்தது தெரியாது என்றேன். மாமனார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்மேல தப்பில்லம்மா" என்று அழுதார். நீங்களும் விபத்து என்று எழுதி முடித்துவிட்டீர்கள்.

நேற்று அந்தத் தட்டுகள் முளைத்தன. ஒரு விதைகூட வீண்போகவில்லை. எங்கள் பண்ணையில் இப்படி முளைத்ததே இல்லை. மாமனார் ஒரு தட்டை மடியில் வைத்துக்கொண்டு, "அவ போயிட்டா, அவ கைராசி போகல பாத்தீங்களா" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறார். காது கொடுத்துக் கேட்க முடியவில்லை, ஐயா.

அதனால்தான் நானாக வந்தேன். கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். மாமனாரிடம் மட்டும் நீங்களே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: அவள் தட்டுகளை அடுக்கினாள், அவ்வளவுதான்; முளைக்கவைத்தது நான்.