படத்தில் இல்லாத மகன்

தாகேதா போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் தமிழில் பேசிக்கொண்டு வந்தார்கள். பர்மியர்கள் நிறைந்த அந்த நெரிசலில் வேறு யாருக்கும் தமிழ் தெரியாது என்று நினைத்திருக்க வேண்டும். ரோசி என்பவள் மாதா கோயிலில் மாட்டுவதற்காக ஒரு படம் கொண்டுபோனாள். எந்தக் காலத்திலோ செப்புத் தகட்டில் கீறி அச்சிட்ட படத்தின் நகல். நெருக்கமான கறுப்புக் கோடுகளுக்குள் ஓர் இளைஞனின் பிணம். பக்கத்தில் தாயும் தகப்பனும்.

"அண்ணனே தம்பிய அடிச்சுக் கொன்னுட்டான், மாரிக்கா. உலகத்துல விழுந்த முதச் சாவு. ஏவாளும் ஆதாமும் உக்காந்து அழுவுறாங்க."

"கொன்னவன் எங்க, ரோசி?"

"அவன் படத்துல இல்ல."

"அவனையும் இவதான பெத்தா?"

"ஆமா."

"அப்ப ரெண்டு பேருக்குந்தான் அழுவுறா."

பஸ் பசுந்தாங் பாலத்தில் ஏறியது.

"உங்க பெரியவன் பேசினானாக்கா?"

"பட்டாளத்துக்குப் பிடிச்சுட்டுப் போனப்புறம் ஒரே தடவ பேசினான். மலைப்பக்கம் அனுப்பிட்டாங்களாம்."

"சின்னவன்?"

மாரி குரலைத் தாழ்த்தினாள். "அவனும் அந்த மலையிலதான் இருக்கான். பட்டாளத்துக்கு எதிர்ப்பக்கம்."

ரோசி படத்தைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள். "ரெண்டு பேருக்கும் ஜெபம் பண்றேன்க்கா."

"என்னன்னு பண்ணுவ? நான் அம்மன்கிட்ட ஒண்ணுதான் கேக்கறேன். சுடச் சொன்னா சுடட்டும். ரெண்டு பேருக்கும் குறி தப்பிப் போகணும்."