வெள்ளம் வராத வருத்தம்

அறுபதுகளின் கடைசியில் ஓர் அடைமழைக் காலம். மழை விட்ட மறுநாள் காலை, தாம்பரத்தில் மின்சார ரயில் கிளம்பக் காத்திருந்தது. பெண்கள் பெட்டியில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த இரும்புலியூர்க்காரப் பெண் ஒருத்தி, பக்கத்தில் இருந்த டீச்சரிடம் சொன்னாள்:

“வெள்ளம் வரலேன்னு எங்க வூட்ல பசங்க ஒரே அழுகை, டீச்சர்.”

“என்னம்மா சொல்றே? ஏரி உடைஞ்சுடுமோன்னு ஊரே நடுங்கிட்டு இருந்துதே!”

“அதான் நானும் மூட்டை கட்டி வெச்சேன். துணி, போர்வை, நெருப்புப்பெட்டி, ஜுர மருந்து. பசங்களுக்கு ஒரு டின் முறுக்கு. ‘தண்ணி வந்து நாம சர்ச்சுக்கு ஓடினாத்தான் டின்னைத் திறப்பேன்’னு சொல்லிட்டேன். அன்னியிலேர்ந்து ரெண்டும் வாசல்ல நின்னுகினு தண்ணி வருதா வருதான்னு பாக்குதுங்க. சின்னவ முழங்கால் போட்டு ஜெபமே பண்றா!”

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “அப்புறம்?”

“நேத்து மழை விட்டுடுச்சு. ஏரிக்கரையும் தாங்கிடுச்சு, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். பசங்க அழுகை பொறுக்காம டின்னைத் திறந்தேன். உள்ளே வெறும் தூள்தான் இருந்துது.”

“பசங்க வேலையா?”

“அதுங்க தின்னிருந்தா எதுக்கு அழுவுதுங்க? எங்க வூட்டுக்காரரு! மூட்டைக்குக் காவல்னு அது பக்கத்துலயே படுத்துகினு இருந்தாரே!”

“நீ கேக்கலியா?”

“கேட்டேன். ‘ஏரி உடைஞ்சுடுமோன்னு எனக்குத் தூக்கமே வரலே. பயத்துல வாய் எதையாவது கேக்குது, நான் இன்னா பண்றது?’ன்னாரு.”