தங்கச்சிக்குப் பதிலாக

படிவம் நிரப்புவதில் எனக்கு அலுப்பே வந்ததில்லை, ஐயா. பல் மருத்துவமனையில் இருபது வருடமாக வரவேற்பு மேசை. கன்னம் வீங்கி, வாய் திறக்க முடியாமல் வருகிறவர்களுக்கு நான்தான் எழுதிக் கொடுப்பேன். அந்தக் கைப்பழக்கம்தான் எல்லாவற்றுக்கும் காரணம்.

தங்கச்சி பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. அவளுக்கு வருவதை நான் பிரிப்பதுதான் வழக்கம். சிறு வயதில் கூடப்பிறந்தவர்களிடம் கொடுமை அனுபவித்தவர்களைப் பற்றி யாரோ ஆராய்ச்சி செய்கிறார்களாம். பேச வரச்சொல்லி நாள் குறித்திருந்தார்கள். எனக்குத் தெரியாமல் விண்ணப்பித்திருக்கிறாள். நாற்பத்தொரு வயதில் இந்தத் துணிச்சல். சிரிப்புதான் வந்தது. சொந்தப் பெயரைச் சொல்லவே திக்குகிறவள் அங்கே போய் என்ன பேசுவாள்? பாவமே என்று அவள் பெயரில் நானே போனேன்.

ஆராய்ச்சி செய்கிற பெண் நல்ல மாதிரி. தண்ணீர் கொடுத்து, ஒலிப்பதிவைத் தட்டிவிட்டு உட்கார்ந்தாள். நான் எதையும் மறைக்கவில்லை. கண்ணாமூச்சி என்று சொல்லி அலமாரிக்குள் பூட்டி, ஆயிரம் எண்ணச் சொல்லிவிட்டு அக்கா சினிமாவுக்குப் போனது. "உன்னை ஆஸ்பத்திரியில மாத்திக் குடுத்துட்டாங்க, அம்மாகிட்ட வாயைத் திறந்தா திருப்பி அனுப்பிடுவாங்க" என்று சொல்லிவைத்தது. சூடான இஸ்திரிப் பெட்டியை இடது முழங்கையில் அழுத்தி, "அசைஞ்சா அவுட்" என்றது. தங்கச்சி அசையவில்லை. அந்த ஆட்டத்தில் அவளை ஜெயிக்க ஆளே கிடையாது.

அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. காகிதக் கைக்குட்டைப் பெட்டியை நான்தான் அவள் பக்கம் நகர்த்தினேன்.

"அந்தத் தழும்பு இன்னும் இருக்காக்கா?"

"இல்லாம எங்க போகும்?" என்று சட்டைக் கையைச் சுருட்டினேன். பேச்சு சுவாரசியத்தில் மறந்தே போய்விட்டது. என் முழங்கை வழவழவென்று இருந்தது.

அவள் கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். "இது யாரோட கதை?" என்றாள்.

"எங்க வீட்டுக் கதைதாம்மா. யார் சொன்னா என்ன?"

ஒலிப்பதிவை நிறுத்திவிட்டு எழுந்து போனாள். மறுநாள் நீங்கள் போலீஸ் ஜீப்பில் வீட்டுக்கு வந்தீர்கள்.

ஆள்மாறாட்டம் என்று எழுதியிருக்கிறீர்கள். சரிதான், கையெழுத்துப் போடுகிறேன். பூட்டியது நான், சுட்டதும் நான். சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. ஆனால் கொடுமை என்று எழுதாதீர்கள், ஐயா. நீங்களே பார்த்தீர்களே. "அக்கா உங்களை ஏதாவது செஞ்சாங்களா?" என்று நீங்கள் கேட்டதும், தங்கச்சி பதில் சொல்லாமல் முதலில் என் முகத்தைத்தான் பார்த்தாள்.

அவ்வளவு பாசம் அவளுக்கு.