இரண்டாவது கயிறு

வீடியோ கேமைப் பொழுதுபோக்காக ஆடுகிறவர் யார், உயிரைக் கொடுத்து ஆடுகிறவர் யார் என்பதை அவர்கள் நாற்காலியில் உட்காரும் விதத்திலேயே சொல்லிவிடலாம், ஐயா. முதல் வகையினர் சாய்ந்து உட்காருவார்கள். மடியில் கொறிக்க ஏதாவது இருக்கும். இரண்டாம் வகையினர் நுனியில் உட்காருவார்கள், அதுவும் கழிப்பறைக்குப் போய்விட்டு வந்த பிறகுதான். நான் நுனியில் உட்காருகிறவன். என் மாப்பிள்ளை, அதாவது தங்கையின் கணவர், சாய்ந்து உட்காருகிறவர். அவர் எப்படி விழுந்தார் என்று கேட்டீர்கள். அங்கேதான் வருகிறேன்.

எத்தனை மணி நேரம் ஆடுகிறோம் என்பதில் வித்தியாசம் இல்லை. மாப்பிள்ளை பஸ்ஸிலும் சாப்பாட்டு மேசையிலும் போனில் மிட்டாய் உடைக்கும் ஆட்டம் ஆடிக்கொண்டே இருப்பார். கூட்டிப் பார்த்தால் என்னைவிட அதிக நேரம். வித்தியாசம் சாவில் இருக்கிறது. அவருடைய ஆட்டத்தில் தோற்றால் கொஞ்ச நேரத்தில் மறுபடி ஐந்து உயிர் வந்துவிடும். நான் ஆடுவதில் ஒற்றை உயிர் என்று ஒரு முறை உண்டு. செத்தால் செத்ததுதான், ஆட்டம் பதிவாகியிருக்கும் மொத்தக் கோப்பும் தானாக அழிந்துவிடும். கோப்பை ரகசியமாகப் பிரதியெடுத்து வைத்துக்கொண்டு, செத்ததும் திரும்பப் போட்டு ஆடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களை நாங்கள் ஒரு ஆளாகவே மதிப்பதில்லை.

என் ஆட்டத்தில் ஒரு வில்லாளி இருந்தான். நெட்டையன் என்று பெயர் வைத்திருந்தேன். மூன்று வருடம் இரண்டு மாதம் உயிரோடு இருந்தான். தங்கைகூடக் கிண்டல் செய்வாள். "அண்ணாவுக்குப் பொண்ணு பாத்தா, முதல்ல நெட்டையன்கிட்ட சம்மதம் வாங்கணும்." எனக்கு அவனை ரொம்பப் பிடிக்கும். அதைச் சொல்வதில் வெட்கமில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. நெட்டையனை ஊர்க் கதவுக்கு உள்ளே, எதிரி வராத இடத்தில் நிறுத்திவிட்டுக் குளிக்கப் போனேன். நாங்கள் மூவரும் ஒரே வீட்டில்தான் இருந்தோம். தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது மாப்பிள்ளை என் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். திரை கறுப்பாக இருந்தது.

"மச்சான், சும்மா கதவத் தொறந்து ஒரு எட்டு வெளிய போனேன். பன்னி மாதிரி ஏதோ ஒண்ணு வந்து முட்டிடுச்சு. எத அழுத்தினா திரும்ப எந்திரிப்பான்?"

"எந்திரிக்க மாட்டான், மாப்ள."

"அட, விடுங்க. இன்னொருத்தன ஆரம்பிச்சுக்கிட்டா போச்சு."

பரவாயில்லை என்றேன். மதியம் மூவரும் சேர்ந்துதான் சாப்பிட்டோம். நான் இரண்டாம் தடவையும் சோறு வாங்கிச் சாப்பிட்டேன், தங்கையைக் கேட்டுப் பாருங்கள். கோபம் வந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

எங்கள் வேலை உங்களுக்குத் தெரியும். உயரமான கட்டடங்களில் கயிற்றில் தொங்கிக்கொண்டு கண்ணாடி துடைப்பது. மாப்பிள்ளையை அதில் சேர்த்துவிட்டவனே நான்தான். "நீங்க கூட இருக்கீங்கங்கிற தைரியத்துலதான் அனுப்புறேன், அண்ணா" என்றாள் தங்கை. அப்போது அவளுக்கு இரண்டாம் மாதம். இப்போது ஏழு.

ஒவ்வொருவருக்கும் இரண்டு கயிறு. ஒன்றில் தொங்குவோம். இன்னொன்று சும்மா பக்கத்தில் தொங்கும். அதில் ஓடும் ஒரு இரும்புப் பிடியை இடுப்பு வாரில் மாட்டிக்கொள்ள வேண்டும். முதல் கயிறு அறுந்தால் அந்தப் பிடி இரண்டாவது கயிற்றைக் கவ்விக்கொள்ளும். கட்டி முடித்ததும் கூட இருப்பவர் ஒவ்வொரு கொக்கியாக இழுத்துப் பார்த்துவிட்டு, தோளில் இரண்டு தட்டுத் தட்டுவார். அந்தத் தட்டு விழாமல் யாரும் சுவரைத் தாண்டுவதில்லை. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து மாப்பிள்ளை அந்தப் பிடியை மாட்ட மறந்ததை மூன்று முறை கண்டுபிடித்து மாட்டிவிட்டிருக்கிறேன். "அதான் நீங்க இருக்கீங்களே, மச்சான்" என்று சிரிப்பார். சாய்ந்து உட்காருகிறவர்களின் குணம் அது. தன்னை எப்படியும் யாராவது எழுப்பிவிடுவார்கள் என்ற நினைப்பு.

நெட்டையன் போய்ப் பதினோராம் நாள், வியாழக்கிழமை, காலை பத்து மணி. மொட்டை மாடியில் நாங்கள் இருவர்தான். மாப்பிள்ளை கடைசி நிமிடம் வரை மிட்டாய் உடைத்துவிட்டுப் போனைப் பையில் போட்டார். அவசர அவசரமாகக் கட்டிக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டினார். பிடி மாட்டப்படவில்லை. கவனிக்கவில்லை என்று மேலாளரிடம் சொல்லியிருந்தேன். கவனித்தேன். தோளில் இரண்டு தட்டுத் தட்டினேன்.

சுவர் விளிம்பில் ஒரு தகடு ஓடுகிறது. கயிறு அதில் உராயாமல் இருக்கத் தடித்த துணியுறை ஒன்றைச் சுற்றிவைப்போம். அது காற்றில் நழுவிவிட்டது என்று உங்கள் அறிக்கையில் இருக்கிறது. அதற்கு இரண்டு ஒட்டுப்பட்டைகள் உண்டு, ஐயா, காற்றுக்கெல்லாம் அது கழலாது. அவர் இரண்டு மாடி இறங்கும்வரை காத்திருந்துவிட்டு நான்தான் கழற்றினேன். தொழில் தெரிந்தவர் இப்படி எழுதியிருக்க மாட்டார்.

இருபது நிமிடம் இடமும் வலமுமாக ஆடித் துடைத்தார். நடுவில் வாக்கி டாக்கியில் கூப்பிட்டார்.

"மச்சான், கயிறு ஒரு மாதிரி உதறுது. கொஞ்சம் பாருங்களேன்."

போய்ப் பார்த்தேன். நூல் நூலாகப் பிரிந்துகொண்டிருந்தது. பக்கத்திலேயே இரண்டாவது கயிறு ஆளில்லாமல் ஆடிக்கொண்டிருந்தது.

"சரியாத்தான் இருக்கு, மாப்ள. முடிச்சிட்டு வாங்க."

"சரி மச்சான்" என்றார். மறுபேச்சு இல்லை. என்மேல் அவ்வளவு நம்பிக்கை அவருக்கு.

மருத்துவமனை வராந்தாவில் தங்கை என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க பாத்துத்தானே விட்டீங்க, அண்ணா?" என்று கேட்டாள். "பாத்துத்தாம்மா விட்டேன்" என்றேன். அவளிடம் நான் பொய் சொன்னதில்லை. அவளை நினைத்தால் மட்டும் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. இன்னொருவரைப் பார்த்துக்கொள் என்று அவளிடம் சொல்ல முடியாது, இல்லையா? மாப்பிள்ளைக்குப் புரியவைக்க நினைத்தது அதைத்தான். சில உயிர்கள் திரும்ப வராது. அந்த வீட்டில் அதன் அருமை தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

என் மேசை இழுப்பறையிலிருந்து நீங்கள் எடுத்த பென் டிரைவ் எதற்கு என்று நேற்றிலிருந்து கேட்கிறீர்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வெள்ளிக்கிழமைதோறும் ஒரு கோப்பின் பிரதியை அதில் எடுத்துவைப்பது என் பழக்கம், அவ்வளவுதான். ஒற்றை உயிர் ஆட்டம் ஆடுகிறவன் என்றாலும் முன்ஜாக்கிரதை என்று ஒன்று இருக்கிறது. எடுத்துவைத்ததாலேயே நான் அந்த ரகம் ஆகிவிட மாட்டேன். பதினோரு நாளும் அதைத் தொடவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம், மாப்பிள்ளையைப் பிணவறைக்கு அனுப்பிவிட்டு வந்த பிறகுதான் அதைக் கணினியில் போட்டேன். நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. நெட்டையன் ஊர்க் கதவுக்கு உள்ளே நிற்கிறான், ஐயா. இரண்டு நாள் ஆட்டம் மட்டும்தான் போயிருக்கிறது.