பதினேழாவது கேள்வி

இல்ல பெரிம்மா, சென்சஸ் எடுக்கறவ இல்ல. பையில எழுதிகீறதப் பாத்துட்டு கேக்கறீங்களா? அது காலேஜுல குடுத்த பை. எந்த ஊருக்குள்ள போனாலும் இப்டித்தான் கேப்பாங்க, ரேஷன் கார்டா, நூறு நாள் வேலையான்னு. பசங்களோட மனசப் பத்தி கேக்க வந்துகீறோம்னா சிரிப்பாங்க. நீங்க ஜன்னல் பக்கம் வரீங்களா? எனக்கு எங்க உக்காந்தாலும் ஒண்ணுதான். உத்திரமேரூருக்கும் காஞ்சிபுரத்துக்கும் இந்த பஸ்ல போய் வந்து போய் வந்து முதுவே பூட்ச்சி.

இன்னா ஆராய்ச்சின்னா... வெளிநாட்டுல ஒரு கேள்வித்தாளு கீது. பதிமூணு பதினாலு வயசு பசங்க மனசு நல்லா கீதா, இல்லியான்னு அளக்கறது. முப்பத்தாறு கேள்வி. ஒவ்வொண்ணுக்கும் ஒருபோதும் இல்லை, சில நேரம், எப்போதும்னு கீறதுல ஒண்ணுல டிக் போடணும். அத்த தமிழுல மாத்தி, நம்ம பசங்களுக்கு ஒத்து வருதான்னு பாக்கணும். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமா போய் அந்தத் தாளக் குடுத்து வாங்கறதுதான் அப்ப என் வேல. மெட்ராசுல ஞானதாஸ் சாருன்னு ஒருத்தரு, அவருதான் எல்லாத்துக்கும் மேல.

தமிழுன்னா நம்ம பேசற தமிழா அது? எதிர்காலத்தை நம்பிக்கையோடு நோக்குகிறேன்னு ஒண்ணு. ஒரு பையன் எழுந்து, தமிழய்யா நடத்தறாரே எறந்தகாலம் நிகழ்காலம், அந்த எதிர்காலமா மிஸ்ஸுன்றான். என் வாழ்க்கை நான் நினைத்தபடி செல்கிறதுன்னு இன்னொண்ணு. அதுக்கு ஒரு பொண்ணு கையத் தூக்கிச்சி. நான் ஒண்ணுமே நெனைக்கலியேக்கா, எதுல டிக் போடறதுன்னுது. அதுதான் நதியா.

ஒம்பதாவது. ஏரிக்கரையோரம் இருளருங்க வூடு பதினஞ்சு கீது, அங்கருந்து வரும். அம்மா செத்து ரெண்டு வருசம். நைனா பேரு மாசி, சவுக்கு மரம் வெட்ட போவாரு, போனா பத்து நாளு பதினஞ்சு நாளு வர மாட்டாரு. அபிநயான்னு ஒரு தங்கச்சி, ஆறு வயசு. சோறாக்கி, அதுக்குத் தல வாரி, ஒண்ணாவதுல உக்கார வெச்சிட்டுத்தான் இது தன் கிளாசுக்கு ஓடியாரும்.

பதினேழாவது கேள்வி இன்னான்னா, எனக்கு ஒரு கஷ்டம் வந்தால் மனம்விட்டுச் சொல்ல ஒருவர் இருக்கிறார். நதியா ஒருபோதும் இல்லைன்னு டிக் போட்டுச்சி. நெறைய பசங்க அப்டித்தான் போடுதுங்க. நான் தாள வாங்கி வெச்சிக்கினேன்.

பதினஞ்சு நாள் கழிச்சி அதே பசங்களுக்கு மறுபடியும் அதே தாளு. ரெண்டு வாட்டியும் பதில் ஒரே மாரி வந்தாத்தான் கேள்வி நம்பலாமாம். நதியா இந்த வாட்டி பதினேழுக்கு எப்போதும்னு போட்டு வெச்சிகீது. சாரு போன் பண்ணி, இன்னா பிரபா, நீங்களே உக்காந்து போட்டீங்களான்னு கேட்டாரு. எனக்கு சுருக்குன்னு ஆயிடுச்சி. மறுநாளே போய் இன்னாத்துக்குடி மாத்திப் போட்டேன்னு கேட்டேன். அப்ப யாரும் இல்ல, இப்ப நீ கீறியேக்கா, அதான்னுது.

இன்னா பண்ணேன் நானு? மொத வாட்டி போனப்ப சோத்து மணிக்கு அதுகூட உக்காந்து, உங்கம்மா பேரு இன்னான்னு கேட்டேன். அவ்ளோதான் பெரிம்மா.

ம், சார்கிட்ட சொன்னேனே. பாவந்தாம்மா, ஆனா கேக்கப் போறவங்க பசங்களோட பழகிட்டா பதிலு மாறிடும், இனிமே பேச்சு வெச்சிக்காதீங்கன்னாரு. அவரயும் தப்பு சொல்ல முடியாது. அந்தத் தாள தள்ளிட்டாங்க. அப்பால இன்னும் நெறைய பசங்களுக்கு பதினேழுல பதிலு முன்ன பின்ன வந்துச்சின்னு அந்தக் கேள்வியவே எடுத்துட்டாங்க. இப்ப முப்பத்தஞ்சுதான்.

அந்தப் பொண்ணா? ஏன் மாத்திப் போட்டேன்னு நான் கேட்ட அன்னிக்கி அதோட வுடல அது. அப்ப சொல்லட்டுமான்னு கேட்டுது. சொல்லுன்னேன். அடுத்த மாசம் அம்மன் கோயில்ல எனக்குத் தாலி கட்டப் போறாங்க, மாப்ள எங்க அத்த மவன், சேட்டுன்னு பேருன்னுது. இதுக்கு பதினாலு, அவனுக்கு இருவத்தாறு. அழுவல கிழுவல. மாங்கா கடிச்சிக்கினே சொல்லுது. யார்கிட்டயும் சொல்லிடாதக்கா, சொன்னா வெளிய போவாதுன்னு நீதான சொன்னேன்னுது. ஆமா, சொல்லித்தான் ஆரம்பிப்போம். பேரு கெடையாது, நம்பருதான், நீங்க எழுதறது யாருக்கும் தெரியாதுன்னு. நூறு வாட்டி சொல்லிகீறேன், வாயில தானா வரும்.

அதுக்கு நடுவுல அவங்க தெருப் பசங்க மூலமா கீதா டீச்சருக்கு விசயம் தெரிஞ்சிடுச்சி. அதோட கிளாஸ் டீச்சரு. மாசிய வரவழைச்சி வராண்டாவுல நிக்க வெச்சி கத்தினாங்க. நானும் அங்கதான் நிக்கறேன். அந்தாளு கெட்ட மனுசன் இல்ல பெரிம்மா. என் வூட்டுக்குக் கதவு இல்ல டீச்சரு, நான் எங்கியோ மரம் வெட்டிக்கினு கெடக்கறேன், வயசுக்கு வந்த பொண்ணு தனியா கீது, நீங்க வந்து காவலுக்குப் படுக்கறீங்களான்னு கேட்டாரு.  ஞானதாஸ் சார்கிட்ட சொன்னதுக்கு, ஆராய்ச்சியில இந்த மாரி வந்தா இன்னா பண்றதுன்னு முடிவு பண்ற கமிட்டியில வெக்கறேன்னாரு. கமிட்டி இருவதாம் தேதி கூடுது. கல்யாணம் பதினொண்ணு.

நடக்கல, நடக்கல. தாலி கட்டற அன்னிக்கி காலையில ஆபீசருங்க ஜீப்பு வந்துடுச்சி. யாரோ பத்து ஒம்பது எட்டுக்கு போன் பண்ணிட்டாங்க. பசங்களுக்கு ஒண்ணுன்னா கூப்புடற நம்பரு. பதினெட்டு ஆவாம கட்டிக் குடுக்க மாட்டேன்னு மாசிகிட்ட எழுதி வாங்கினாங்க. நதியாவ இட்டுக்கினு போய் ஹோமுல வுட்டாங்க. சின்னதயும் இட்டுக்கினு போவலாம்னு தேடறாங்க, காணும். அதுக்குள்ள மாசி சின்னதத் தோள்ல போட்டுக்கினு வேலைக்குப் பூட்டாரு. எந்தத் தோப்பு, எந்த ஊரு, இன்னி வரைக்கும் யாருக்கும் தெரியல. ஒண்ணாவது படிக்கிற புள்ள.

கீதா டீச்சருதான் போன் பண்ணாங்கன்னு ஊரே பேசுது. கத்தினது அவங்கதான, அதனால. இல்லவே இல்லன்னு அந்தம்மா அழுதாங்க. யாரு நம்பறா? ஏரிக்கரையில இருந்து வந்துக்கினு இருந்த பசங்கள்ல நாலு பேர வூட்டுல பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாம நிறுத்திட்டாங்க. வூடு வூடா போய்க் கூப்டாங்க டீச்சரு. ஒருத்தரும் முகம் குடுத்துப் பேசலியாம்.

நதியாவா? படிக்குது. பத்தாவது போவப்போவுது. இளச்சிடுச்சி. ஓரிக்கையில எறங்கி நடக்கணும் அந்த ஹோமுக்கு. இப்ப அங்கதான் போறேன், சனிக்கெழமதான் பாக்க வுடுவாங்க. ஐய, ஆராய்ச்சியா? அது முடிஞ்சி அஞ்சு மாசம் ஆவுது பெரிம்மா. இப்ப ஒரு ஜவுளிக் கடையில பில்லு போடறேன். சும்மாத்தான் போறேன்.

என்னக் கண்டா ஓடியாந்து கையப் புடிச்சிக்கும். மொத வார்த்த, தங்கச்சி கெடச்சிச்சாக்கா. இல்லம்மான்னுவேன். அப்பால கீதா டீச்சர ஆரம்பிக்கும். அவங்க நல்லாவே இருக்க மாட்டாங்க, அபிநயாவ என்கிட்ட இருந்து பிரிச்சது அவங்கதான்னு. நானும் கேட்டுக்கினு உக்காந்திருப்பேன். தல வாரி வுடுவேன். அஞ்சு மணிக்குப் போவச் சொல்லிடுவாங்க.

டீச்சரு இல்ல பெரிம்மா. போன் பண்ணது நான்தான். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுல, டீக்கட பக்கத்துல நின்னுக்கினே பண்ணேன். ரெண்டு நிமிசம் கூட ஆவல. எம்பேர வெளிய சொல்லிடாதீங்கன்னு கேட்டேன். சொல்ல மாட்டோம்மா, பயப்படாதீங்கன்னாங்க.

சொல்லவே இல்ல அவங்க.

கொஞ்சம் கால மடக்கிக்கிறீங்களா, நான் எறங்கணும்.